உட்கார வைத்த கம்பெனி

என் மாப்பிள்ளையைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, பெண்டாட்டி மேல் கை வைக்கிற பழக்கம் கிடையாது. அவர் வீட்டுக்குள் வந்தது தெரிய வேண்டுமானால் செருப்பைத்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு சாது. ஆனால் யாராவது 'சார்' என்று கூப்பிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டால் போதும், அந்த நாற்காலிக்கு என்ன விலை என்று கேட்காமல் உட்கார்ந்துவிடுவார். ஒரு குடும்பம் முழுக அந்த ஒரு குணம் தாராளமாகப் போதும்.

ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்ப்பது அவர் தொழில். தொழிலில் குறை சொல்ல மாட்டேன். நின்றுபோன ஃபிரிட்ஜின் முதுகில் காதை வைத்துக் கேட்பார். கைக்குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது போலக் குழாயைத் தடவிப் பார்ப்பார். வாடிக்கைக்காரப் பெண்கள், "புதுசு வாங்கிடலாமா?" என்று கேட்டால் இவருக்குக் கோபம் வந்துவிடும். "இதை வித்துடாதீங்கம்மா. இது இரும்பு. இப்ப வர்றதெல்லாம் தகரம். கம்ப்ரஸர் இன்னும் கிண்ணுனு இருக்கு, உங்க பேரப்பிள்ளை காலம் வரைக்கும் ஓடும்" என்பார். தெருவெல்லாம் இப்படிப் புத்தி சொல்லிவிட்டு, தன் வீட்டுக்கு மட்டும் தகரமாக வாங்கி அடுக்கினார். அதுவும் தவணையில்.

அது ஆரம்பித்த விதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். நான் அன்றைக்கே சிரித்திருக்க வேண்டும், சிரிக்கவில்லை.

குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கிற பம்பு ஒன்று அவருக்குச் சொந்தமாக வேண்டியிருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் கூட்டாளியிடம் இரவல் கேட்டுக்கொண்டிருந்தார். கடன் கேட்டு வங்கிக்குப் போனார். இந்த ஜன்னலில் கேள் என்றார்கள், அந்த ஜன்னலில் கேள் என்றார்கள், சாப்பாட்டு நேரம் என்றார்கள். ஒரு காகிதக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தூண் மாதிரி நின்றுவிட்டு வந்தார். அங்கே ஒருவரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. அது அவருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

அப்புறம் ஒரு பெரிய ஷோரூமுக்கு ஏதோ வேலையாகப் போயிருக்கிறார். மூலையில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண். வங்கி இல்லை, கடைக்காரரும் இல்லை, நடுவில் ஒரு தவணைக் கம்பெனி. அந்தப் பெண் எழுந்து நின்று, "வாங்க சார், உட்காருங்க சார்" என்றதாம். காகிதக் குவளையில் டீயும் கொடுத்ததாம். தீர்ந்தது கதை. சாயங்காலம் ஒரு வண்டியில் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வந்து இறங்கியது.

என் மகள் வாசலில் நின்று அதையே பார்த்தாள். "பம்பு எங்கங்க?"

"பம்புக்குக் குடுக்க மாட்டாங்களாம். டிவிக்குத்தான் குடுப்பாங்களாம்."

"அதுக்காக?"

"என் பேரை கம்ப்யூட்டர்ல போட்டாங்க. போட்ட உடனே பச்சையா வந்துச்சு. அந்தப் பொண்ணே அசந்துபோச்சு தெரியுமா? 'சூப்பர் சார்'னு சொல்லுச்சு."

"நீங்க பம்பு வாங்கத்தானே போனீங்க?"

"வரும், வரும். முதல்ல அவங்களுக்கு நம்ம மேல நம்பிக்கை வரணும்ல?"

பாருங்கள் நியாயத்தை. கடன் கொடுக்கிறவனுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காக இவர் கடன் வாங்குகிறார். பசிக்கிறது என்று போனவன் பல்குச்சி வாங்கிக்கொண்டு வந்த மாதிரி.

நம்பிக்கை வளர்ந்தது. டிவிக்குப் பின்னால் கதவு இரண்டாகத் திறக்கிற ஃபிரிட்ஜ் வந்தது. அதற்குள் தண்ணீர் பாட்டிலும் பாதி எலுமிச்சம்பழமும் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தன. அதற்குப் பின்னால் போன். அதற்குப் பின்னால் ஒரு சோஃபா. அதை உள்ளே கொண்டுவர ஜன்னல் சட்டத்தைக் கழற்றினார்கள், கதவுப் பக்கமாகச் சமையலறைக்குப் போகிற வழி போனது, அதற்குப் பிறகு நான் ஒருக்களித்துத்தான் போய்வந்தேன். கடைசியாக வந்தது, நின்ற இடத்திலேயே நடக்கிற மெஷின். பகல் முழுக்க ஊரான் வீட்டு மாடிப்படிகளில் ஏசி கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து ஏறி இறங்குகிற மனிதருக்கு, வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதற்கு ஒரு மெஷின்! அதில் ஒருநாள் நடந்தார். முட்டி வலிக்கிறது என்றார். அன்றிலிருந்து அதன் கைப்பிடியில் என் மகள் துணி உலர்த்துகிறாள்.

மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியிலிருந்து போனில் ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அதை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வருவார். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் அவரே வாசித்துக் காட்டுவார்.

"அத்தை, பாருங்க. எனக்கு இன்னும் தகுதி இருக்காம்."

"யார் சொன்னது?"

"கம்பெனி."

"உங்களைப் பெத்தவங்க ஒரு நாளாவது அப்படிச் சொன்னாங்களா மாப்பிள்ளை?"

"அதான் அத்தை நானும் சொல்றேன்" என்றார், முகமெல்லாம் பூரிப்பாக. நான் சொன்னது குத்தல் என்று அவருக்குப் புரியவில்லை. குத்துகிற ஊசிக்கும் எதிரில் கொஞ்சம் தோல் இருக்க வேண்டும் அல்லவா?

என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. கொதிக்கிற உருளைகளுக்கு நடுவில் படுக்கை விரிப்புகளை ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் வாங்குவாள். முழங்கைக்குக் கீழே அவளுக்கு முடியே வளராது, ஆவியிலேயே வெந்துபோன தோல். மாதம் பிறந்தால் அவள் சம்பளம் வந்துவிடும். வாடகை அதில்தான், அடுப்பு எரிவது அதில்தான், பேத்தியின் பள்ளிக்கூடம் அதில்தான். மாப்பிள்ளை சம்பாதிப்பது டியூ கட்டப் போனது. இவள் சம்பாதிப்பதில் நாங்கள் உயிரோடு இருந்தோம். அந்தச் சம்பளத்தின் மேல் மட்டும் யார் கையும் படாமல் இருந்தது.

அடைமழைக் காலம் வந்தது. மழையில் யாருக்கு ஏசி வேண்டும்? வேலை படுத்துவிட்டது. ஒரு டியூ தவறியது, அடுத்ததும் தவறியது. போனில் 'சார்' போய் 'ஹலோ' வந்தது. 'ஹலோ' போய் 'என்னய்யா' வந்தது. பிறகு ஆளே வந்தான். மோட்டார் சைக்கிளில் வருகிற வசூல்காரன். வீட்டு வாசலுக்கு வந்து பேச மாட்டான். மாடிப்படியில் பாதியில் நின்றுகொண்டுதான் பேசுவான், மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே சமயத்தில் கேட்க வேண்டும் என்று. அந்த வேலைக்கே அவனுக்குத் தொண்டையைத் தேர்ந்தெடுத்துச் சம்பளம் கொடுத்திருப்பார்கள் போல.

ஒருநாள் உள்ளேயே வந்து சோஃபாவில் சாய்ந்தான். கையால் தடவிப் பார்த்தான். "சோஃபா மெத்துனு இருக்கே. யார் காசு?"

மாப்பிள்ளை ஓடிப்போய் ஃபேனைப் போட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "உங்க கம்பெனிக் காசுதான் தம்பி. அதான் நீ மட்டும் உட்கார்ந்திருக்கே, நாங்கல்லாம் நின்னுக்கிட்டு இருக்கோம்" என்றேன்.

"பெரியவங்கன்னு பார்க்கிறேன்."

"பாரு, நல்லாப் பாரு. என்கிட்ட எடுத்துட்டுப் போறதுக்கு முட்டி வலிதான் இருக்கு."

அவன் போன பிறகு மாப்பிள்ளை என்னிடம் வருத்தப்பட்டார். "அப்படிப் பேசாதீங்க அத்தை. அவங்க மனசு கோணிட்டா அப்புறம் எனக்குத் தகுதி போயிடும்."

வெள்ளத்தில் போகிறவன் தன் செருப்பு நனைகிறது என்று அழுதானாம்.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனியின் மேனேஜர் ஒரு வழி சொன்னார். ஐந்து கடனையும் அடைத்துவிட்டு ஒரே கடனாகப் போட்டுத் தருகிறேன், மாதத் தவணை பாதியாகக் குறையும் என்றார். எத்தனை வருஷம் கட்ட வேண்டும் என்பதை மெதுவாகச் சொன்னார், மாப்பிள்ளைக்கு அது காதில் விழவில்லை. ஒரே ஒரு நிபந்தனை. இவருடைய வருமானம் மழைக்கும் வெயிலுக்கும் ஆடுகிறது, ஆகவே மாதச் சம்பளக்காரியான பெண்டாட்டியும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இவர் கட்டாவிட்டால் அவள் சம்பளத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, என் மகள் வரைக்கும் வந்துவிட்டார்கள்.

"போட மாட்டேன்" என்றாள் மகள்.

"ஒரு கையெழுத்துதானேம்மா."

"அந்த ஒரு கையெழுத்தை வச்சுத்தான் வீட்டுல உலை வைக்கிறேன்."

மாப்பிள்ளை தினமும் கேட்டார். சண்டை போடுகிற ஆளாக இருந்தால் பதிலுக்குச் சண்டை போடலாம். இவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். கல்லாக இருந்தாலும் உடைத்துவிடலாம், ஈரத் துணியை என்ன செய்வது? மகள் கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொண்டு வந்தாள். எனக்கு அது தெரிந்தது. சலவைக்கூடத்துச் சம்பளச் சீட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள், என் கண்ணைப் பார்க்காமல்.

நடுவில் ஒரு கூத்து. மழை விட்டு வெயில் தலைகாட்டியதும் கம்பெனி ஆபீசில் ஏசி நின்றுபோனது. மேனேஜரே மாப்பிள்ளையைக் கூப்பிட்டாராம். 'சார்' என்று கூப்பிட்டாராம்! மறுபடியும் அந்தச் சொல் காதில் விழுந்ததும் இவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இரண்டு நாள் அங்கேயே கிடந்தார். வெளிச்சுவரில் கம்பி பிடித்துத் தொங்கி, கசிகிற காயில் என்கிற செம்புச் சுருளைத் தேடிக் கண்டுபிடித்து, ஓட்டையை நெருப்பால் ஊதி அடைத்து, கூட்டாளியின் இரவல் பம்பை வைத்துக் காற்றெடுத்து, தன் காசில் வாங்கிய கேஸை நிரப்பி ஓட விட்டுவிட்டு வந்தார். முதுகெல்லாம் துரு.

"காசு எவ்வளவு குடுத்தாங்க?" என்றாள் மகள்.

"சேச்சே. அவங்ககிட்டப் போய்க் காசு கேக்கறதா? மேனேஜர் என் தோள்ல தட்டி, 'உங்களைப் பார்த்துக்கறேன்'னார். ஒரு வார்த்தை போதாதா? காயில் மாத்தணும், இது தற்காலிகம்தான், வெயில் ஏறினா தாங்காதுன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன்."

மேனேஜர் பார்த்துக்கொண்டார். மறுநாள் காலையிலேயே வசூல்காரன் மாடிப்படியில் நின்று தொண்டையைத் திறந்தான்.

"தம்பி, நேத்து நான்தானே உங்க ஆபீஸ் ஏசியை..." என்று மாப்பிள்ளை இழுத்தார்.

"அது வேற டிபார்ட்மென்ட்" என்றான் அவன்.

அதற்குப் பிறகும் மனிதருக்கு உறைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு கையெழுத்துக்குக் கிளம்பினார். "அம்மா, நீயும் வா" என்றாள் மகள். எதற்கு என்று சொல்லவில்லை. போனேன்.

கண்ணாடிக் கதவு. உள்ளே போனால் ஐஸ் பெட்டிக்குள் போன மாதிரி குளிர். மாப்பிள்ளை மேலே பார்த்து, "நம்ம வேலை" என்று என் காதில் சொன்னார், கோபுரம் கட்டியவர் மாதிரி. மேசைக்கு எதிரில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். அப்பா, அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! மணவறையில்கூட அவர் அப்படி உட்காரவில்லை. மகளை மற்றொன்றில் உட்காரச் சொன்னார்கள். நான் சுவரோரம் நின்றேன்.

மேனேஜர் என்று ஒரு சின்ன வயதுக்காரர். பேச்சில் தேன் ஒழுகியது. காகிதக் கட்டு ஒன்றை மகள் பக்கம் தள்ளி, எங்கெங்கே கையெழுத்து என்று பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். மகள் பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள்.

அந்த நேரத்தில் கண்ணாடிக் கதவு திறந்தது. ஒரு புருஷன், பெண்டாட்டி. புதுக் கல்யாணம் என்று முகமே சொன்னது. கையில் ஷோரூம் விளம்பரத் தாள். அங்கேயும் இருந்த ஒரு சிவப்புச் சட்டைப் பெண் எழுந்து, "வாங்க சார், வாங்க மேடம்" என்றது. அவர்களை உட்கார வைக்க நாற்காலி இல்லை. மேனேஜர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். பேர்கூடச் சொல்லவில்லை.

"மெக்கானிக், கொஞ்சம் எழுந்திருங்க. கஸ்டமர் வந்திருக்காங்க."

மாப்பிள்ளை எழுந்துவிட்டார். பழக்கதோஷம். எழுந்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. நாற்காலியை அந்தப் பெண் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், வங்கியில் நின்ற மாதிரியே தூணாக நின்றார்.

மகள் பேனாவை மூடினாள். மூடியை அழுத்திய சத்தம் எனக்குக் கேட்டது.

"சார், எங்க வீட்டுக்காரர் இந்த ஏசிக்கு ரெண்டு நாள் வேலை பார்த்திருக்காரு. கேஸும் அவர் காசு. அதுக்கு எப்பக் குடுப்பீங்க?"

மேனேஜர் சிரித்தார். "அதெல்லாம் இருக்கும்மா. அவர் பில் குடுக்கணும், அது தலைமை ஆபீசுக்குப் போகணும், அவங்க பேரை ஏத்தணும், ரெண்டு கையெழுத்து வாங்கணும். கம்பெனின்னா முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"எவ்வளவு நாள் ஆகும்?"

"ரெண்டு மாசம், மூணு மாசம். சொல்ல முடியாது."

"நல்லது சார்" என்று எழுந்தாள் மகள். "எங்க வீட்டுலயும் முறைன்னு ஒண்ணு இருக்கு. அந்தப் பணம் வந்து சேரட்டும், அன்னிக்குக் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்."

"என்னம்மா இது, சின்னக் காசுக்குப் போய்..."

"சின்னக் காசுன்னா இப்பவே குடுத்துடலாமே சார்?"

மேனேஜர் முகத்தில் தேன் வற்றிவிட்டது. உடனே என்னைப் பார்த்தார். "பாட்டி, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

"நான் என்ன சொல்றது ஐயா? எனக்குக் கையெழுத்தே போடத் தெரியாது. தெரிஞ்சவ போட மாட்டேங்கிறா" என்றேன்.

புதுக் கல்யாணக்காரர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன் ஃபிரிட்ஜ் படத்தில் விரலை வைத்தபடி இருந்தான். வெளியே போகும்போது மாப்பிள்ளை அவன் பக்கம் குனிந்து என்னவோ சொன்னார். "என்ன சொன்னீங்க?" என்று தெருவில் கேட்டேன்.

"அது தகரம்னு சொன்னேன் அத்தை."

அதுதான் அவர் வாயிலிருந்து அந்தக் கம்பெனிக்குள் வந்த முதல் உருப்படியான வார்த்தை.

அதற்காக அவர் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மகள் டிவியை விற்றாள், சோஃபாவை விற்றாள். வாங்கிய விலையில் கால்வாசிகூட வரவில்லை. மறுபடியும் ஜன்னல் சட்டத்தைக் கழற்றினார்கள். நடக்கிற மெஷினை மட்டும் இனாமாகக்கூட யாரும் கேட்கவில்லை. வசூல்காரன் வரும்போது மகள் மாடிப்படியிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். "கத்து, நல்லாக் கத்து. எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும், நாங்க ஒவ்வொண்ணா அடைச்சிக்கிட்டு இருக்கோம்னு" என்பாள். கத்துவதில் அவனுக்கு ருசி போய்விட்டது. கடன் இல்லை என்று நாங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. என் மகளின் சம்பளம் அதில் இல்லை, அவ்வளவுதான்.

வெயில் ஏறியது. மாப்பிள்ளை சொன்னபடியே ஊதி அடைத்த இடம் விட்டுவிட்டது. வேர்த்துக் கொட்டுகிற இடத்தில் எவன் உட்கார்ந்து கடன் வாங்குவான்? நாற்காலியெல்லாம் காலியாம். போன் வந்தது. 'சார்' என்ற சத்தம் எனக்கே கேட்டது. மாப்பிள்ளை என் மகளைப் பார்த்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"காயில் மாத்தணும் சார்" என்றார் போனில். தொண்டையைச் செருமிக்கொண்டு, "காசு முன்னாடியே வேணும். ரொக்கமா" என்றார். அந்தப் பக்கம் முறையைப் பற்றி என்னவோ சொல்லியிருக்கிறார்கள். "சரி சார், மூணு மாசம் கழிச்சுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார். தலைமை ஆபீஸ், பில், இரண்டு கையெழுத்து எல்லாம் அன்று மத்தியானத்துக்குள் முடிந்து, கவரில் பணம் வந்தது.

வேலை முடிந்ததும் அந்தச் சிவப்புச் சட்டைப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க சார், உங்களுக்குப் புதுசாத் தகுதி வந்திருக்கு" என்றதாம். இவர் கவரைப் பிரித்து, அந்த மாதத்துத் தவணையை எண்ணி அதே மேசையில் வைத்து, ரசீது வரும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தாராம். இதைச் சொல்லும்போது மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது. ஒரு தடவை நின்றதற்கு மாலை போட முடியுமா? தட்டில் இன்னொரு கரண்டி சோறு மட்டும் வைத்தேன்.

மிச்சப் பணத்தில் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பம்பு வாங்கி வந்திருந்தார். முதல் நாள் எதற்காகக் கிளம்பினாரோ, அதேதான். துருப்பிடித்த, கைப்பிடி உடைந்த பம்பு. ஈரத் துணிகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, நடக்கிற மெஷின் மேல் அதை வைத்து, எண்ணெய் விட்டு, ஸ்பானரால் ஓங்கித் தட்டினார்.

"மெதுவா மாப்பிள்ளை" என்றேன். "கீழே இருக்கிறதுக்கு இன்னும் டியூ பாக்கி இருக்கு."